பெட்டி மேல இருக்கிற நம்பரை நம்பலாமா? போன், வாட்ச், கேம் வாங்கும் முன் கேட்க வேண்டிய 2 கேள்விகள்



தீபாவளி போனஸ் சீசன், ஆடி ஆஃபர், குடியரசு தின சேல்… எந்த நேரமா இருந்தாலும் நம்ம ஸ்கிரீன்ல வர்ற விளம்பரங்கள்ல ஒரு விஷயம் மட்டும் மாறவே மாறாது. ஏதாவது ஒரு நம்பர் பெரிய எழுத்துல இருக்கும். 108 மெகாபிக்சல். 0% வட்டி. 10,000 ஸ்டெப்ஸ். 1% சான்ஸ்ல லெஜண்டரி ஸ்கின். ரத்த சர்க்கரை 112.

நம்பர்னு வந்துட்டாலே நமக்கு ஒரு நம்பிக்கை வந்துடும். "சூப்பர் கேமரா"ன்னு சொன்னா சந்தேகப்படுவோம். "108 மெகாபிக்சல்"னு சொன்னா நம்பிடுவோம். ஏன்னா, நம்பர்னா யாரோ உட்கார்ந்து அளந்திருப்பாங்கன்னு நாம நினைக்கிறோம்.

இதுல பெரும்பாலான நம்பர்கள் பொய் இல்லை. அதுதான் சிக்கலே. நம்பர் உண்மைதான், ஆனா நீங்க நினைக்கிற விஷயத்தை அது அளக்காது. அதனால எதை வாங்கும் முன்னாலும் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்க:

கேள்வி 1: இந்த நம்பர் உண்மையில் எதை அளக்குது?

கேள்வி 2: இந்த நம்பர் தப்பா இருந்தா எனக்கு என்ன நஷ்டம்?

முதல் கேள்வி உங்க பணத்தைக் காப்பாத்தும். இரண்டாவது கேள்வி, எங்கே எவ்வளவு சந்தேகப்படணும்னு சொல்லும். எல்லாத்தையும் ஒரே அளவுக்கு சந்தேகப்பட்டா வாழ முடியாது. வாங்க, நஷ்டம் சின்னதா இருக்கிற இடத்துல ஆரம்பிச்சு, பெருசா இருக்கிற இடத்துக்குப் போவோம்.

108 மெகாபிக்சல்: நீங்க எடுக்கிற போட்டோ 12 தான்

108 மெகாபிக்சல் போன் வச்சிருக்கிறவங்க, சாதாரணமா ஒரு போட்டோ எடுத்து அதோட டீட்டெயில்ஸ் பாருங்க. பெரும்பாலும் 12 மெகாபிக்சல்னு இருக்கும். போன் ரிப்பேர் இல்லை, அது அப்படித்தான் வேலை செய்யும்.

சென்சார்ல இருக்கிற ஒவ்வொரு பிக்சலும் ரொம்பச் சின்னது. அதுல விழற வெளிச்சம் போதாது. அதனால பக்கத்து பக்கத்துல இருக்கிற 9 பிக்சல்களைச் சேர்த்து ஒரே பிக்சலா போன் கணக்குப் பண்ணும். 108-ஐ 9-ஆல் வகுத்தா 12. அதே மாதிரி 200 மெகாபிக்சல் சென்சார்ல 16 பிக்சலைச் சேர்த்து ஒண்ணாக்கும்போது 12.5 வரும். இதுக்குப் பேர் பிக்சல் பின்னிங். நல்ல டெக்னாலஜிதான். ராத்திரி போட்டோவுக்கு உதவும். ஆனா 108-ங்கிற நம்பர், 48-ஐ விட இரண்டு மடங்கு நல்ல போட்டோ வரும்னு சொல்லலை. போட்டோ தரத்துக்கு சென்சாரோட சைஸ், லென்ஸ், சாஃப்ட்வேர் மூணும் முக்கியம். அந்த மூணும் பெட்டி மேல பெரிய எழுத்துல இருக்காது.

தண்ணீர் விஷயமும் இதே கதைதான். ஐபி68-ன்னு போட்டிருக்கும். அது லேப்ல, நல்ல தண்ணில, குறிப்பிட்ட ஆழத்துல, குறிப்பிட்ட நேரத்துக்குப் பண்ண டெஸ்ட். கடல் தண்ணி, நீச்சல் குளத்து குளோரின் தண்ணி எல்லாம் அதுல வராது. ஆஸ்திரேலியாவுல சாம்சங் நிறுவனம், போனைக் குளத்துலயும் கடல்லயும் பயன்படுத்தலாம்ங்கிற மாதிரி விளம்பரம் பண்ணதுக்காக 2022-ல் அந்த நாட்டு நீதிமன்றம் 1.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிச்சது. ஈரமான சார்ஜிங் போர்ட் அரிச்சுப் போகும்ங்கிறதுதான் பிரச்சினை. இன்னொண்ணு, தண்ணி புகுந்து கெட்டுப்போனா வாரண்டி கிடைக்குமான்னு வாரண்டி கார்டுல பாருங்க. பல கம்பெனிகள் அதைக் கவர் பண்றதில்லை.

அப்போ எந்த நம்பரைக் கேட்கணும்? "இந்த போனுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட் வரும்?"னு கேளுங்க. கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கு 7 வருஷம்னு கம்பெனிகளே அறிவிச்சிருக்காங்க. பல பட்ஜெட் போன்களுக்கு இது அதைவிட ரொம்பக் கம்மி. நம்ம பேங்க் ஆப், யூபிஐ எல்லாம் அந்த போன்லதான் ஓடுது. அதனால மெகாபிக்சலை விட இந்த நம்பர்தான் நமக்கு முக்கியம்.

ஒரு சின்னக் கணக்கு. 60,000 ரூபாய் போனை 2 வருஷத்துல மாத்தினா மாசம் 2,500 ரூபாய் செலவு. அதே போனை 4 வருஷம் வச்சுக்கிட்டு, நடுவுல 5,000 ரூபாய்க்கு ஒரு பேட்டரி மாத்தினாலும் மாசம் 1,354 ரூபாய்தான். போன் "பழசாயிடுச்சு"ன்னு நாம நினைக்கிற பல நேரத்துல பழசானது பேட்டரி மட்டும்தான். சர்வீஸ் சென்டரோ, நம்பிக்கையான ரிச்சி ஸ்ட்ரீட் கடையோ, முதல்ல அங்கே விலை கேட்டுட்டு அப்புறம் புது போனைப் பத்தி யோசிங்க.

இங்கே நம்பர் தப்பா இருந்தா நஷ்டம் சில ஆயிரம். சரி, அடுத்த நம்பருக்குப் போவோம்.

0% வட்டி: அந்த சைபர் எங்கிருந்து வருது?

நோ காஸ்ட் இஎம்ஐ. இதை விளக்கச் சொல்லி நம்ம சேனல்ல கேட்காத மாசமே இல்லை.

முதல்ல ஒரு விஷயம். வட்டி இல்லாம எந்த பேங்கும் கடன் தராது. ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல பேங்குகளுக்கு அனுப்பின சுற்றறிக்கையில, சைபர் சதவீத வட்டிங்கிற ஒண்ணே கிடையாது, கிரெடிட் கார்டு இஎம்ஐ திட்டங்கள்ல வட்டியை பிராசஸிங் ஃபீஸ்ங்கிற பேர்ல மறைச்சு வாடிக்கையாளர் தலையில கட்டுறாங்கன்னு சொல்லியிருக்கு. இப்போ நடக்கிற முறை கொஞ்சம் வேற. வட்டியை கடைக்காரரோ கம்பெனியோ டிஸ்கவுண்டா முன்கூட்டியே கழிச்சுத் தர்றாங்க.

உதாரணத்துக்கு, 60,000 ரூபாய் போன், 12 மாசம், பேங்க் வட்டி வருஷத்துக்கு 16%னு வச்சுக்குவோம்.

- நீங்க கட்டுறது மாசம் 5,000. மொத்தம் 60,000.
- பேங்க் கணக்குல உங்க கடன் 60,000 இல்லை, சுமார் 55,108. மீதி சுமார் 4,892 ரூபாய் வட்டி. அந்த அளவு டிஸ்கவுண்டை விக்கிறவர் கொடுத்துட்டார்.
- ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 881 ரூபாய். இது உங்க தலையில.
- பிராசஸிங் ஃபீஸ் 199ன்னு வச்சா, ஜிஎஸ்டியோட சேர்த்து 235.

ஆக, 0% கடனுக்கு நீங்க கூடுதலா கட்டினது 1,116 ரூபாய். பரவாயில்லைன்னு தோணும். நிஜமாவே பரவாயில்லைதான்! வேலைக்கு அவசியமா ஒரு லேப்டாப் வேணும், கையில முழுப் பணம் இல்லைன்னா, இந்தக் கணக்குப்படி வருஷ வட்டி 3.5% பக்கம்தான் வரும். எந்த பர்சனல் லோனை விடவும் மலிவு.

ஆனா அதே போனை மொத்தப் பணம் கொடுத்து வாங்கினா 3,000 ரூபாய் உடனடி தள்ளுபடின்னு இருந்தா? அப்போ போனோட உண்மையான விலை 57,000. நீங்க கட்டினது 61,116. வித்தியாசம் 4,116 ரூபாய். மாசா மாசம் கடன் குறைஞ்சுக்கிட்டே வரும்ங்கிறதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா, "0%" கடனோட உண்மையான வட்டி வருஷத்துக்கு ஏறத்தாழ 13%.

கேள்வி 1-ஐக் கேளுங்க. 0%ங்கிறது எதை அளக்குது? கடைக்காரர் உங்ககிட்ட வட்டின்னு தனியா வாங்குற தொகையை மட்டும். நீங்க விட்டுக்கொடுத்த தள்ளுபடியையோ, ஜிஎஸ்டியையோ, பிராசஸிங் ஃபீஸையோ அது அளக்கலை.

கடையில கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: "இஎம்ஐ இல்லாம இப்பவே முழுசா கட்டினா என்ன விலை?" இஎம்ஐல மொத்தமா கட்டுற தொகையில இருந்து அந்த விலையைக் கழிச்சா உண்மையான செலவு தெரிஞ்சிடும். கார்டு இல்லாம ஃபைனான்ஸ் கம்பெனி மூலமா கடன் போட்டா, கேஎஃப்எஸ்-ங்கிற முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்க. 2024 அக்டோபர்ல இருந்து புதுசா தர்ற சில்லறைக் கடன்களுக்கு இதைக் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த வருடாந்திர வட்டி விகிதம் அதுல இருக்கும். கிரெடிட் கார்டு நிலுவைக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது.

1% சான்ஸ்: கேம்ல போற காசுக்குக் கணக்கு உண்டா?

காசு கட்டி காசு ஜெயிக்கிற ஆன்லைன் கேம்களைத் தடை பண்ணி 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் சட்டம் கொண்டு வந்துச்சு. நான் இங்கே பேசுறது அதைப் பத்தி இல்லை. சாதாரண கேம்ல ஸ்கின், கேரக்டர், கிரேட்டு வாங்குறோமே, அதைப் பத்தி. ஆபீஸ் டென்ஷனுக்கு கேம் ஆடுறதுல எந்தத் தப்பும் இல்லை. சினிமாவுக்கு 500 ரூபாய் செலவு பண்ற மாதிரிதான் இதுவும். ஆனா சினிமா டிக்கெட்டுக்கு விலை தெரியும். இங்கே விலையே தெரியாம வாங்குறோம்.

ஒரு ஸ்பின் 50 ரூபாய், நீங்க ஆசைப்படுற ஸ்கின் விழ 1% சான்ஸ்னு வச்சுக்குங்க. நம்மில் பலரும் போடுற மனக்கணக்கு: "100 தடவை சுத்தினா ஒரு தடவை விழும். 5,000 ரூபாய்."

அப்படி இல்லை. ஒவ்வொரு ஸ்பின்லயும் விழாம போக 99% வாய்ப்பு. 100 தடவை தொடர்ந்து விழாம போக 0.99-ஐ 100 தடவை பெருக்கணும். விடை சுமார் 0.37. அதாவது 5,000 ரூபாய் செலவு பண்ண 100 பேர்ல 37 பேருக்கு எதுவுமே கிடைக்காது. 300 தடவை, 15,000 ரூபாய் செலவு பண்ணாலும், 100-ல 5 பேர் வெறுங்கையோட நிப்பாங்க. முன்னாடி விழலைன்னு அடுத்த ஸ்பின்ல சான்ஸ் கூடாது. மெஷினுக்கு உங்க பழைய செலவு ஞாபகம் இருக்காது.

சில கேம்கள்ல "இத்தனை ஸ்பின்னுக்குள்ள கண்டிப்பா கிடைக்கும்"னு ஒரு உத்தரவாதம் இருக்கும். அப்படி இருந்தா, அந்த எண்ணிக்கையை ஒரு ஸ்பின் விலையால பெருக்குங்க. அதுதான் அந்த ஸ்கினோட எம்ஆர்பி. அவ்வளவு காசு கொடுத்து நேரடியா வாங்குவீங்களா? மாட்டேன்னா, முதல் ஸ்பின்னும் வேண்டாம்.

சரி, அந்த 1% உண்மையான்னு யாருக்குத் தெரியும்? சீனா 2017-ல இருந்தே இந்த சான்ஸ் விவரத்தை வெளியிடணும்னு சொல்லுது. தென் கொரியாவுல 2024 மார்ச்ல இருந்து அது சட்டம். அந்த சட்டம் அமலுக்கு வர்றதுக்கு இரண்டு மாசம் முன்னாடி என்ன நடந்துச்சு தெரியுமா? மேப்பிள்ஸ்டோரி கேம்ல வீரர்களுக்குச் சொல்லாமலே சான்ஸைக் குறைச்சதுக்காக நெக்ஸான் கம்பெனிக்கு அந்த நாட்டு வர்த்தக ஆணையம் சுமார் 1,160 கோடி வொன் அபராதம் போட்டுச்சு. நல்ல காம்பினேஷன் சிலது வரவே வராத மாதிரி செட் பண்ணியிருந்தாங்கன்னு ஆணையம் சொன்னது. அதாவது 1% கூட இல்லை, 0%. ஜனங்க அதுக்குக் காசு கட்டிட்டு இருந்தாங்க.

இன்னொரு மறைமுகமான விஷயம் ஜெம்ஸ், காயின்ஸ். ரூபாயை முதல்ல ஜெம்ஸா மாத்தச் சொல்வாங்க. ஸ்கின் 450 ஜெம்ஸ், ஆனா பேக் 300, 600-ன்னுதான் கிடைக்கும். 600 வாங்கி 450 செலவு பண்ணா 150 மிச்சம் நிக்கும். அந்த மிச்சம் அடுத்த வாங்குதலுக்குத் தூண்டில். 450 ஜெம்ஸ் எத்தனை ரூபாய்னு உடனே மனசுல வராது இல்லையா? அதுக்காகத்தான் ரூபாய்லயே விலை போடுறதில்லை.

வாங்கினது உங்களுடையதான்னும் பாருங்க. யூபிசாஃப்ட்டோட 'தி க்ரூ' கேமை 2014-ல காசு கொடுத்து வாங்கினவங்க உண்டு. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினதும், தனியா ஆடக்கூட முடியாம போச்சு. இதெல்லாம் பார்த்துட்டுத்தான் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. டிஜிட்டல் பொருளுக்கு நாம வாங்குறது வெறும் லைசென்ஸ்தான்னா, அதைத் தெளிவா சொல்லாம "வாங்கு"ன்னு பட்டன் வைக்கக் கூடாது. 2025 ஜனவரியில இருந்து அது அமல்ல இருக்கு.

கேம் செலவுக்கு என் சிபாரிசு ரொம்ப சிம்பிள். மாசத்துக்கு ஒரு தொகை முடிவு பண்ணுங்க. அதைத் தனி வாலட்ல போடுங்க. மெயின் சம்பள அக்கவுண்டோட யூபிஐயை கேமோட இணைக்காதீங்க. ஒரு தடவை 49 ரூபாய்னு போறது வலிக்காது. மாசக் கடைசியில ஸ்டேட்மெண்ட்ல எத்தனை 49 இருக்குன்னு எண்ணிப் பாருங்க, அப்போ தெரியும்.

10,000 ஸ்டெப்ஸ்: இந்த நம்பரை முதல்ல சொன்னது யாரு?

இப்போ உடம்பு பக்கம் வருவோம். ஆபீஸ்ல வெல்னஸ் சேலஞ்ச், வாட்ச்ல பச்சை வட்டம், "இன்னும் 2,300 ஸ்டெப்ஸ் பாக்கி"ன்னு ராத்திரி 10 மணிக்கு நோட்டிஃபிகேஷன். ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடந்து அந்த வட்டத்தை முடிக்கிறவங்க நம்மில் எத்தனை பேர்!

10,000-ங்கிற இலக்கு ஆராய்ச்சியில இருந்து வரலை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிஞ்சதும் ஜப்பான்ல நடைப்பயிற்சி மோகம் பரவின நேரம். 1965-ல யமாசாங்கிற கம்பெனி இடுப்புல மாட்டுற ஸ்டெப் கவுண்டர் ஒண்ணை வித்துச்சு. அதோட பேர் 'மன்போகெய்'. அர்த்தம், பத்தாயிரம் அடி அளக்கும் கருவி. விளம்பரத்துக்கு வச்ச பேர் உலகத்துக்கே இலக்கா மாறிடுச்சு.

2019-ல ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழு, சராசரி வயசு 72 உள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ஞ்சது. தினம் சுமார் 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 அடி நடந்தவங்களோட இறப்பு விகிதம் 41% குறைவா இருந்துச்சு. 7,500 அடி பக்கம் போனதும் அந்தப் பலன் மேல ஏறாம நின்னுடுச்சு. இது வயசான பெண்களைப் பத்தின ஆய்வு. அப்படியே 25 வயசு ஆளுக்குப் பொருத்திட முடியாது. ஆனா 10,000-ல மந்திரம் எதுவும் இல்லைன்னு புரியுது.

கேள்வி 2: இந்த நம்பர் தப்பா இருந்தா என்ன நஷ்டம்? ஒண்ணும் இல்லை! கூட நடந்தா நல்லதுதான். ஸ்டெப் கவுண்ட் 500 முன்னப்பின்ன இருந்தாலும் யாருக்கும் எதுவும் ஆகப்போறதில்லை. அதனால 10,000 ஸ்டெப்ஸை நம்பி நடக்கிறவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஸ்டெப் எண்ண 25,000 ரூபாய் வாட்ச் தேவையான்னு மட்டும் கேட்பேன். உங்க பாக்கெட்ல இருக்கிற போனே எண்ணும்.

ரத்த சர்க்கரை 112: இங்கே நிறுத்துங்க

கமெண்ட்ல அடிக்கடி வர்ற கேள்வி இது: "ப்ரோ, அப்பாவுக்கு சுகர் இருக்கு. தினம் ஊசி குத்திப் பார்க்கிறது பாவமா இருக்கு. ஆன்லைன்ல 1,999 ரூபாய்க்கு சுகர் காட்டுற வாட்ச் இருக்கு. வாங்கிக் கொடுக்கலாமா?"

கேட்கிறவங்க பாசத்துல கேட்கிறாங்க. முதல் சம்பளத்துல அப்பாவுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கணும்ங்கிற ஆசை. அதனால பதிலை நேரடியா சொல்லிடறேன்: வாங்காதீங்க.

வாட்சுக்குக் கீழே பச்சை லைட் மின்னுதே, அது என்ன பண்ணுது? தோலுக்குள்ள வெளிச்சத்தை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருதுன்னு பார்க்குது. இதயம் துடிக்கும்போது ரத்த ஓட்டம் கூடிக் குறையும், திரும்பி வர்ற வெளிச்சமும் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினா இதயத் துடிப்பு கிடைக்கும். ரத்தத்துல எவ்வளவு சர்க்கரை இருக்குங்கிறது இந்த ஏற்ற இறக்கத்துல தெரியாது. வாழைப்பழத்துல வாட்சைக் கட்டினாக்கூட துடிப்பு காட்டுற வீடியோக்களைப் பார்த்திருப்பீங்க. எதிர்ல இருக்கிறது கையா பழமான்னு அதுக்குத் தெரியாது. வெளிச்சத்துல ஏதாவது மாற்றம் கிடைச்சா அதை நம்பரா மாத்திக் காட்டும்.

2024 பிப்ரவரி 21-ம் தேதி அமெரிக்காவோட எஃப்டிஏ ஒரு எச்சரிக்கை விட்டது. தோலைத் துளைக்காம தானாகவே ரத்த சர்க்கரையை அளக்கிற எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும், எந்த ஸ்மார்ட் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கலைன்னு தெளிவா சொன்னாங்க. கம்பெனி பேர் எதுவா இருந்தாலும் பயன்படுத்தாதீங்கன்னாங்க. காரணத்தையும் சொன்னாங்க. தப்பான ரீடிங்கைப் பார்த்து இன்சுலினோ மாத்திரையோ கூட எடுத்துட்டா, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி, சில மணி நேரத்துல குழப்பம், கோமா, மரணம் வரைக்கும் போகலாம்.

விரல்ல குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டரே முழுத் துல்லியம் இல்லை. சர்வதேச தரப்படி, சர்க்கரை 100-க்கு மேல இருக்கும்போது 95% ரீடிங்குகள் லேப் ரிசல்ட்டுல இருந்து 15% முன்னப்பின்ன வரைக்கும் இருக்கலாம். லேப்ல 200 இருந்தா மீட்டர்ல 170-ல இருந்து 230 வரைக்கும் காட்டலாம். ஆனா அந்த மீட்டர்ல எவ்வளவு தப்பு வரலாம்னு ஒரு வரம்பு இருக்கு. டாக்டர் அதைத் தெரிஞ்சுதான் மருந்து எழுதுறார். 1,999 ரூபாய் வாட்சுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை.

கேள்வி 2-ஐ இங்கே கேளுங்க. கேமரா நம்பர் தப்பா இருந்தா போட்டோ சுமாரா வரும். இந்த நம்பர் தப்பா இருந்தா, 112-ன்னு பார்த்துட்டு அப்பா மருந்தை விட்டுடுவார். இல்லைன்னா 300-ன்னு பார்த்துட்டு கூடப் போட்டுக்குவார். இரண்டுமே ஆஸ்பத்திரியில போய்தான் முடியும். அந்த வாட்ச் பெட்டிக்குள்ள இருக்கிற சின்ன எழுத்தைப் பாருங்க. "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ங்கிற மாதிரி ஒரு வரி இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. விளம்பரத்துல பெருசா சொன்னதை பெட்டிக்குள்ள சின்னதா வாபஸ் வாங்கிடுவாங்க.

அதே காசுக்கு ஒரு நல்ல குளுக்கோமீட்டரும் ஒரு பெட்டி ஸ்ட்ரிப்பும் வாங்கிக் கொடுங்க. தினம் குத்துறது கஷ்டம்னா, கையில ஒட்டுற சிஜிஎம் சென்சார் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. அதுல மெல்லிய ஊசி மாதிரி ஒரு இழை தோலுக்குள்ள இருக்கும். அந்த சென்சார் அளந்ததை வாட்ச்ல காட்டுறது வேற விஷயம். அங்கே அளக்கிறது சென்சார், வாட்ச் வெறும் ஸ்கிரீன்தான்.

அப்போ எல்லா வாட்சும் வேஸ்ட்டா? இல்லை. ஆப்பிள் வாட்சோட இதயத் துடிப்பு எச்சரிக்கையை 4.19 லட்சம் பேர்கிட்ட சோதிச்சு, 2019-ல ஆய்வு வெளியாச்சு. சீரில்லாத துடிப்புன்னு எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52%. அதுல இசிஜி பட்டை ஒட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினவங்கள்ல 34% பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரில்லேஷன்ங்கிற துடிப்புக் கோளாறு பதிவாச்சு. இந்தக் கோளாறு வந்து வந்து போகும்ங்கிறதால, பட்டை ஒட்டின நாட்கள்ல சிலருக்குத் தெரியாமலும் போயிருக்கலாம். வாட்ச் எச்சரிச்சா அது நோய்னு தீர்ப்பு இல்லை, "டாக்டரைப் பார்"ங்கிற தகவல். வாட்ச் எச்சரிக்கலைன்னா நோய் இல்லைன்னும் அர்த்தம் இல்லை. நெஞ்சு வலிச்சா வாட்சைப் பார்க்காதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க.

ரத்த அழுத்தமும் அப்படித்தான். சாம்சங் வாட்ச்ல அந்த வசதி இருக்கிற நாடுகள்ல, 28 நாளைக்கு ஒரு தடவை கையில பட்டை கட்டுற சாதாரண பிபி மெஷினோட வச்சு சரி பண்ணச் சொல்றாங்க. அப்படின்னா உங்களுக்கு எப்படியும் அந்த மெஷின் வேணும்!

சுருக்கமா: எந்த நம்பருக்குப் பதிலா எந்த நம்பர்?

- மெகாபிக்சலுக்குப் பதிலா: எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்?
- 0% வட்டிக்குப் பதிலா: முழுசா கட்டினா என்ன விலை? இஎம்ஐல மொத்தம் எவ்வளவு?
- 1% சான்ஸுக்குப் பதிலா: உத்தரவாதமா கிடைக்க எத்தனை ரூபாய்?
- 10,000 ஸ்டெப்ஸுக்குப் பதிலா: நேத்தை விட இன்னைக்குக் கொஞ்சம் கூட நடந்தேனா?
- வாட்ச் சுகர் ரீடிங்குக்குப் பதிலா: குளுக்கோமீட்டர், லேப் டெஸ்ட், டாக்டர்.

நம்பரை நம்பி நீங்க எடுக்கப் போற முடிவு எவ்வளவு பெருசோ, அந்த அளவுக்கு சந்தேகப்படுங்க. போட்டோ, ஸ்டெப்ஸ் விஷயத்துல ஜாலியா இருங்க. இஎம்ஐ, கேம் விஷயத்துல கால்குலேட்டரை எடுங்க. மருந்து, மாத்திரை சம்பந்தப்பட்ட விஷயத்துல அனுமதி பெற்ற கருவியைத் தவிர வேற எதையும் நம்பாதீங்க.

விளம்பரத்துல சொன்னது ஒண்ணு, கையில வந்தது ஒண்ணா இருந்தா சும்மா விட்டுடாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கார்ட்ல உங்களுக்குத் தெரியாம பொருள் சேர்க்கிறது, "இன்னும் 2 பீஸ்தான் இருக்கு"ன்னு பொய்யா அவசரப்படுத்துறது, சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்த முடியாம சுத்த விடறது, இதெல்லாம் சேர்த்து 13 வகைத் தந்திரங்களை 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பட்டியல் போட்டுத் தடை பண்ணியிருக்கு. பில், ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் பத்திரமா வச்சுக்குங்க. புகார் கொடுக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.

இந்த மாசம் நீங்க வாங்க நினைச்சிருக்கிற பொருள் என்ன, அதோட பெட்டி மேல என்ன நம்பர் இருக்குன்னு கமெண்ட்ல போடுங்க. அந்த நம்பர் உண்மையில் எதை அளக்குதுன்னு சேர்ந்து பார்ப்போம். வீட்ல யாராவது சுகர் வாட்ச் வாங்கலாம்னு யோசிச்சா, இந்தப் பதிவை முதல்ல அவங்களுக்கு அனுப்புங்க.